டர்பனிலிருந்து நண்பர்களோடு மீன்பிடிக்க: எந்த அணைக்குப் போவது?

எந்த அணைக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால், எத்தனை பேர் போகிறீர்கள், அவர்களில் நாள் முழுக்கப் படகில் உட்காரக்கூடியவர்கள் யார் யார் என்றுதான் முதலில் விசாரிப்பேன். மீனைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்தியர்கள் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த்தில், எங்கள் கூட்டத்தில் எழுபதைத் தாண்டிய மாமா ஒருவர் இருக்கிறார். கரையோரம் நாற்காலி போட்டு, பிசைந்த மீலி மாவை, அதாவது மக்காச்சோள மாவைத் தூண்டிலில் உருட்டி வைத்துக் கெண்டைக்காகக் காத்திருப்பதுதான் அவருக்குப் பிடித்தது. என் தங்கை மகனோ ஓரிடத்தில் கால்மணி நேரம் நிற்க மாட்டான்; தூண்டிலை எறிந்து எறிந்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர், இருவருக்கும் இடம் தருகிற தண்ணீரைத்தான் தேட வேண்டும்.

ஆசை எல்லோருக்கும் ஜோசினிமேல்தான். பொங்கோலா ஆற்றை லெபொம்போ மலையிடுக்கில் மறித்து 1973இல் கட்டி முடித்த பொங்கோலாபூர்ட் அணையைத்தான் ஜோசினி என்கிறோம். டர்பனிலிருந்து என்2 நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் நான்கு மணி நேரம். டைகர் மீன் இயற்கையாக வாழும் நீர்நிலைகளில் ஆப்பிரிக்காவின் தென்கோடி இந்த ஆற்றுப் பகுதிதான். ஒரு டைகரைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: வெள்ளி உடலில் கறுப்புக் கோடுகள், சிவந்த வால், வாயை மூடிய பிறகும் வெளியே தெரிகிற பற்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். வெறும் தூண்டில் நரம்பை ஒரே கடியில் அறுத்துவிடும் என்பதால், முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்காவது கம்பி கட்ட வேண்டும். வாய்க்குள் பெரும்பாலும் எலும்புதான். முள் எளிதில் இறங்காது. கவ்வியதும் தண்ணீரைவிட்டு எழும்பித் தலையை உதறும், அந்த உதறலில்தான் பல மீன்கள் கழன்றுவிடும். இதைப் புதியவர்களுக்கு வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் முதல் நாள் மாலையே மனம் தளர்ந்துவிடுவார்கள்.

ஆனால் படகு இல்லாமல் ஜோசினிக்குப் போகாதீர்கள். முதலையும் நீர்யானையும் உள்ள தண்ணீர் அது. சில கரைகளுக்கு யானையும் வரும். கரையில் நின்று இரண்டு எறி எறியலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். கையை நீரில் அலசுவதற்குக்கூட ஓரத்தில் குனியக் கூடாது. நான்கு பேர் ஏறும் படகில் இரண்டு மூன்று பேர்தான் தடையின்றி எறிய முடியும் என்பதால், ஆறு பேர் என்றால் இரண்டு படகு என்றே கணக்குப் போடுங்கள். ஏரியின் ஒரு பகுதி எஸ்வாத்தினி நாட்டுக்குள் கிடக்கிறது. எல்லை எங்கே என்பதைப் படகோட்டியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஜோசினிப் பக்கத்தில் மலேரியாவும் உண்டு. முன்கூட்டியே மருத்துவரைப் பாருங்கள், மாலையில் முழுக்கைச் சட்டை போடுங்கள்.

டைகருக்குச் சூடான தண்ணீர் வேண்டும். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் சோம்பிக் கிடக்கும். செப்டம்பரில் தண்ணீர் சூடேறத் தொடங்குகிறது, ஆனால் அப்போதுதான் நமக்குப் புரட்டாசி பிறக்கிறது. வீட்டில் கவிச்சி நுழையாத மாதத்தில் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுப் பெரியவர்களும் மனம் நோவார்கள். தீபாவளி முடிந்த கையோடு நவம்பரில் போங்கள். தண்ணீரும் பதமாக இருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டமும் வந்திருக்காது. கோடை மழை வலுத்துவிட்டால் ஆறு ஏரிக்குள் நுழையும் முகப்பு செம்மண் கலங்கலாகிவிடும். அப்போது படகை அணைச்சுவர்ப் பக்கமுள்ள தெளிந்த நீருக்குத் திருப்பச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் முதியவர்களும் சிறுவர்களும் அதிகமா? உம்கேனி ஆற்றைவிட நல்ல இடம் நமக்கு இல்லை. ஒரே ஆற்றில் மேலிருந்து கீழாக மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா என்று நான்கு அணைகள். மிட்மார் ஹோவிக்குக்குப் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. இனாண்டா டர்பனுக்கு அருகில், தாழ்வான பள்ளத்தாக்கில். இந்த உயர வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் வருடம் முழுக்க ஏதாவது ஒரு தண்ணீர் கைகொடுக்கும். ஜூன், ஜூலையில் மிட்மார் விறைத்துக் கிடக்கும்போதும் இனாண்டாவில் பாஸ் மீன் கடிக்கும். ஜனவரி வெயிலில் இனாண்டா கொதிக்கும்போது மிட்மார் கரையில் நிழல் பார்த்து உட்காரலாம், கெண்டையும் கிடைக்கும். பிப்ரவரியில் மட்டும் மிட்மார் மைல் நீச்சல் போட்டி எந்த வார இறுதியில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கானோர் நீந்தும் இடத்தில் தூண்டில் போட வழியில்லை.

பாஸ் நம் நாட்டு மீன் கிடையாது, 1928இல் கொண்டுவந்து விட்டது. இருந்தாலும் என் தங்கை மகனைப் போன்றவர்களுக்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஆல்பர்ட் ஃபால்ஸ்தான் அவனுக்கு நான் காட்டும் இடம். அங்கே மாமாவுக்கும் கரையில் இடம் உண்டு, அவனுக்கும் நடந்து நடந்து எறிய நீண்ட கரை உண்டு.

இனாண்டாவுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரைக் கடந்து வரும் உம்சுண்டுசி ஆறு, நேகலுக்குக் கீழே உம்கேனியில் சேர்கிறது. நகரத்துக் கழிவெல்லாம் இனாண்டாவுக்குத்தான் வந்து சேரும். அந்தச் சத்தில்தான் ஆகாயத்தாமரை அப்படிக் கொழுத்து வளர்கிறது. காற்று ஒரு பக்கமாக அடித்தால், முதல் நாள் வெறுமையாக இருந்த படகுத்துறை விடிவதற்குள் பச்சைக் கம்பளமாகிவிடும். தண்டும் வேரும் பின்னிக்கொண்ட அந்தப் பாயில் மோட்டாரை இறக்க முடியாது, துடுப்பும் நகராது. கிளம்பும் நாள் காலையில் அணை வாசலுக்குப் போன் செய்து, துறை திறந்திருக்கிறதா என்று கேட்ட பிறகே டிரெய்லரை வண்டியில் மாட்டுங்கள். தாழ்நிலத் தண்ணீரில், தோல் வழியே உடலுக்குள் நுழையும் பில்ஹார்சியா ஒட்டுண்ணி இருக்கும். வெறுங்காலோடு இறங்கி நிற்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

அணையின் நீர்மட்டத்தை நீர்வளத் துறை வாரந்தோறும் வெளியிடுகிறது. எண்ணைவிட, மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். மெதுவாக ஏறினால் கரையோரப் புல் நீருக்குள் போகும், பாஸ் அந்தப் புல்லுக்குள் இரை தேடி வரும். கரையிலிருந்து பிடிப்பவர்களுக்கு அதுதான் நல்ல காலம். வாராவாரம் இறங்கினால் மீன் ஆழத்துக்கு நகர்ந்துவிடும், படகு உள்ளவர்களுக்கே வாய்ப்பு. மிகவும் இறங்கினால் படகு இறக்கும் கான்கிரீட் சரிவு முடிந்து சேறு தொடங்கும். அதற்குமேல் வண்டியைப் பின்னுக்கு விட்டால் சக்கரம் புதைந்துவிடும்.

வானிலையில் எனக்கு முக்கியம் மலைக்காற்று. உள்நாட்டிலிருந்து உலர்ந்த வெப்பக் காற்று அடிக்கிறதென்றால், பின்னாலேயே குளிர்முகப்பு, அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, வருகிறது என்று பொருள். முகப்பு வருவதற்கு முந்தைய நாள் மீன் வெறிகொண்டு தின்னும். கடந்த பிறகு இரண்டு நாளாவது வாயைத் திறக்காது. சனி, ஞாயிறுக்குத் திட்டமிட்டிருந்து வெள்ளி இரவு முகப்பு வருமென்றால், வாய்ப்பிருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சித் தூண்டில் போடுபவர்கள் மட்டும் போகும் கூட்டமாக இருந்தால், ஹாரிஸ்மித் ஊர்ப் பக்கமுள்ள ஸ்டெர்க்ஃபொன்டைன் அணைக்குப் போகலாம்: தெளிந்த நீர், மஞ்சள் மீன். மற்றவர்களுக்கு அங்கே அலுத்துவிடும்.

நன்னீர் மீன்பிடி அனுமதிச் சீட்டு ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். கடலுக்கு வாங்கியது அணையில் செல்லாது. எல்லாம் முடிவானதும் படகை முதலில் பதிவு செய்யுங்கள், தங்குமிடத்தைப் பிறகு பாருங்கள். ஜோசினியில் நவம்பர் வார இறுதிகளில் அறை கிடைத்துவிடும், நல்ல படகோட்டி கிடைப்பதுதான் கடினம்.