கார்பே தியெம்: பாதி வாக்கியத்தை வைத்துக்கொண்டு செய்யும் தவறுகள்

பச்சை குத்திய முன்கை, டி-சர்ட், காபிக் கோப்பை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என எங்கு பார்த்தாலும் 'கார்பே தியெம்'. அர்த்தம் கேட்டால் 'இருப்பது ஒரு வாழ்க்கை, அனுபவிச்சுடு' என்று பதில் வரும். இந்த லத்தீன் தொடரைக் கையாளுவதில் நடக்கும் தவறுகள் அநேகமாக எல்லாமே ஓரிடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. அது பாதி வாக்கியம். மீதியை யாரும் படிப்பதில்லை.

முழுசாகச் சொன்னால், 'கார்பே தியெம், க்வம் மினிமும் க்ரேதுலா போஸ்தெரோ'. இன்றைக்குரிய நாளைப் பறித்துக்கொள். அடுத்த நாளை எவ்வளவு குறைவாக நம்ப முடியுமோ அவ்வளவு குறைவாக நம்பு. இது பழமொழியும் அல்ல, ரோமப் படையின் போர் முழக்கமும் அல்ல. ரோமக் கவிஞர் ஹொரேஸ் கி.மு. 23 வாக்கில் வெளியிட்ட பாடல் தொகுப்பில், முதல் புத்தகத்தின் 11ஆம் பாடலில், கடைசி அடியில் வருகிறது.

பாட்டே எட்டு அடிதான். லியூகோனோயி என்ற பெண்ணிடம் பேசுவதுபோல் இருக்கும். உனக்கும் எனக்கும் தெய்வங்கள் என்ன முடிவு வைத்திருக்கின்றன என்று கேட்காதே, பாபிலோனியக் கணக்குகளைப் போட்டுப் பார்க்காதே என்று தொடங்குகிறார். பாபிலோனியக் கணக்கு என்றால் ஜோசியம். (ஜாதகக் கட்டோடு அலைகிற நமக்கு இந்தப் பெண்ணை நன்றாகவே புரியும்.) குளிர்காலம், இத்தாலிக்கு மேற்கே உள்ள திர்ரேனியக் கடல் பாறைகளில் மோதி மோதி ஓய்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் பல குளிர்காலம் வருமோ, இதுதான் கடைசியோ, எதுவானாலும் தாங்கிக்கொள்வது மேல். பிறகு அவளுக்கு மூன்று வேலை சொல்கிறார்: விவேகமாய் இரு, மதுவை வடிகட்டு, நீண்ட நம்பிக்கையை வெட்டிக் குறை. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே பொறாமை பிடித்த காலம் ஓடிப்போயிருக்கும் என்கிறார். அதன் பிறகுதான் நமக்குத் தெரிந்த அந்த இரண்டு சொல்.

இதில் வேலையை உதறிவிட்டு இமயமலைக்குக் கிளம்பு என்று எங்கே இருக்கிறது? வீட்டுக்குள் உட்கார்ந்து மதுவில் கசடு எடுக்கச் சொல்கிற பாட்டு இது. 'துணிந்து இறங்கு, வாய்ப்பை விடாதே' என்ற பொருளில் விற்பனைக் கூட்டங்களில் இதைச் சொல்வது பொருந்தவே பொருந்தாது. வாய்ப்பைத் துரத்துகிறவன் நாளையைத்தான் துரத்துகிறான்.

இதைவிட மோசம், செலவுக்கு இதைச் சாக்காக வைப்பது. கிரெடிட் கார்டைத் தேய்த்து, பன்னிரண்டு மாத இ.எம்.ஐ.யில் வெளிநாட்டுப் பயணம் போய், படத்துக்குக் கீழே 'கார்பே தியெம்' என்று போடுகிறார்கள். அந்தக் கடன் நிற்பதே அடுத்த பன்னிரண்டு மாதச் சம்பளம் வரும் என்ற நம்பிக்கையில். நாளையை இதைவிட அதிகமாக நம்பவே முடியாது. ஹொரேஸ் சொன்னதற்கு நேர் எதிர்.

வசதியான சோம்பேறியின் தத்துவம் என்று இதை ஒதுக்குவதும் சரியல்ல. ஹொரேஸின் அப்பா ஒரு காலத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். மகன் கி.மு. 42இல் பிலிப்பிப் போரில், சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் பக்கம் நின்று தோற்றார். ஊர் திரும்பியபோது அப்பாவின் நிலம் போயிருந்தது. கருவூலத்தில் எழுத்தர் வேலை பார்த்துப் பிழைத்தார். போட்ட திட்டம் கவிழ்வது என்றால் என்னவென்று தெரிந்த ஆள். அவர் சாய்ந்திருந்த கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸின் சிந்தனையும் குடித்துக் கூத்தடிக்கச் சொல்லவில்லை. பசித்தவனுக்கு ரொட்டியும் தண்ணீருமே பேரின்பம் என்றவர் எபிகூரஸ். ஆகவே இந்தத் தொடர் நன்றாகப் பொருந்துவது, தேர்வு முடிவுக்கோ மருத்துவ அறிக்கைக்கோ காத்திருந்து இன்றைய சாப்பாட்டையும் தூக்கத்தையும் கெடுத்துக்கொள்பவரிடம். அதையும் பக்குவமாகச் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் சொல்லாதீர்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு பள்ளம் இருக்கிறது. 'நாளைப் பறி' என்று நேராகப் பெயர்த்தால், வாசிப்பவர் கண்ணில் முதலில் படுவது வரப்போகிற நாளைதான். 'இன்றைப் பறித்துக்கொள்' என்பது பரவாயில்லை. 'கைப்பற்று' வேண்டாம், லத்தீன் வினைச்சொல் கனியையும் பூவையும் கொய்வதற்குரியது, கோட்டை பிடிப்பதற்கல்ல.

முழு வாக்கியத்தையும் பச்சை குத்திக்கொள்ளத் தோன்றினால் ஆண்கள் கொஞ்சம் பொறுக்கவும். 'க்ரேதுலா' பெண்பால்; லியூகோனோயிக்காக எழுதியது. ஆணுக்கு 'க்ரேதுலுஸ்' என்று வர வேண்டும். 'கார்பே' என்பதும் ஒருவரைப் பார்த்துச் சொல்கிற ஏவல். பட்டமளிப்பு மேடையில் நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்வதானால் இலக்கணப்படி அது 'கார்பிதே தியெம்'.