மாலை வரவேற்பு: நேரக் கணக்கும் பாட்டுக் கணக்கும் போடுவது எப்படி?

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை கல்யாண மண்டபத்தில் நடக்கும் வரவேற்புக்கான செய்முறை இது. 600 பேர் வருகிறார்கள், ஒரு பந்தியில் 150 பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறோம். உங்கள் எண்கள் வேறாக இருந்தால் அவற்றைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பல வீடுகளில் முதலில் கச்சேரிக் குழுவைப் பேசி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். நேரத்தைப் பற்றிய யோசனை அப்புறம்தான் வருகிறது. இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். எத்தனை மணிக்கு என்ன நடக்கும் என்பதை முடிவு செய்வது மேடை வரிசையும் பந்தியும்தான். பாட்டை அவற்றுக்குள் பொருத்த வேண்டும்.

படி 1: முடியும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. மூடிய அரங்குகளுக்கு விலக்கு இருந்தாலும், வாசலிலும் திறந்தவெளிப் பந்தலிலும் அந்த விலக்கு செல்லாது. மறுநாள் முகூர்த்தம் 6 மணிக்கு என்றால் மணப்பெண் 3 மணிக்கே எழுந்தாக வேண்டும். அதனால் 9:30-க்குக் கடைசிப் பாட்டு, 9:45-க்கு மேடை காலி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: மேடைக் கணக்கு

600 பேர் என்றால் குடும்பம் குடும்பமாகச் சுமார் 150 குழுக்கள். ஏறி, வாழ்த்தி, படம் எடுத்து, இறங்க ஒரு குழுவுக்கு 45 விநாடி. மொத்தம் 112 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட 2 மணி நேரம். மணமக்கள் 7:00-க்கு மேடையேறினால் 9 மணிக்குள் வரிசை தீரும். 7:40-க்கு ஏறினால் 9:30 தாண்டிவிடும். வரிசை அதிகம் நீள்வது அலுவலக நண்பர்களின் பெரிய கூட்டத்தால்தான். 15 பேர் நின்று ஆளாளுக்குத் தனிப்படம் கேட்டால் 3 நிமிடம் போய்விடும். அவர்களை 8:45-க்குப் பிறகு வரச் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் அவசரம் இருக்காது, மகிழ்ச்சியாக நின்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: பந்திக் கணக்கு

சாப்பிட 30 நிமிடம், இலை எடுத்துத் துடைத்து மறுபடி இலை போட 10 நிமிடம். 4 பந்திக்கு 7:00-க்குத் தொடங்கினால் 9:30-க்கு முடியும். 7:30-க்குத் தொடங்கினால் 10 மணி. ஆகவே முதல் பந்தி 7:00 என்பதைச் சமையல்காரரிடம் எழுதியே கொடுங்கள். மேடையில் கூட்டம் சேரட்டும் என்று பந்தியைத் தள்ளி வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் 8 மணிக்கு இரண்டு வரிசையும் ஒன்றாகப் பெருகும், வயதானவர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்க வேண்டிவரும்.

படி 4: மேடையேறும் நேரத்தைக் காப்பாற்றுங்கள்

தாமதம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஒப்பனை, தலை அலங்காரம், சேலை எல்லாம் சேர்த்து 2 முதல் 2½ மணி நேரம் ஆகும். அன்றே 5 மணிக்கு நிச்சயதார்த்தமும் இருந்தால் முக ஒப்பனையை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு சேலையும் நகையும் மாற்ற மட்டும் 45 நிமிடம் ஒதுக்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் கவனம் தேவை. அன்று ராகுகாலம் மாலை 4:30 முதல் 6:00 வரை. பெரியவர்கள் அந்த நேரத்தில் நிச்சயத் தாம்பூலம் மாற்ற ஒப்பமாட்டார்கள், ஒப்ப வேண்டும் என்று வற்புறுத்துவதும் நல்லதல்ல. 4:30-க்கு முன்பே முடித்துவிடுங்கள். முடியாது என்றால் 6:00-க்குத் தொடங்கி, பத்திரிகையில் வரவேற்பு 7:30 என்று அச்சடித்து, மண்டபம் முடியும் நேரத்தையும் பந்தியையும் அதற்கேற்ப நகர்த்துங்கள். 6:30 என்று அச்சடித்துவிட்டு வந்தவர்களை வெற்று நாற்காலி பார்த்து உட்கார வைப்பது விருந்தாளிகளுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

படி 5: பாட்டை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

6:15 முதல் 7:00 வரை வாசலில் நாதஸ்வரம், தவில். மணமக்கள் உள்ளே வரும்போது அவர்களை மேடைவரை அழைத்து வருவது நாதஸ்வரமாகவே இருக்கட்டும். அதே நேரத்தில் கச்சேரிக் குழுவும் தொடங்கிவிட்டால் இரண்டு சுருதியும் மோதி இரண்டும் கெடும். நாதஸ்வரம் நிறுத்திய பிறகு 2 நிமிடம் மௌனம், அப்புறம் கீபோர்டு.

7:00 முதல் 7:45 வரை பாடகர் வேண்டாம். புல்லாங்குழல், வயலின் அல்லது கீபோர்டு மட்டும். உறவுக்காரர்கள் பல வருடம் கழித்துச் சந்தித்து நலம் விசாரிக்கும் நேரம் இது.

7:45 முதல் 9:30 வரை பாடல்கள். ஒரு பாட்டு, இடைவெளி, அடுத்த பாட்டுக்கான தயாரிப்பு எல்லாம் சேர்த்து சுமார் 5½ நிமிடம். 30 நிமிட இடைவேளையைக் கழித்தால் 13 பாட்டு வரும். குழுவுக்கு 22 பாட்டுப் பட்டியலை 10 நாளுக்கு முன் கொடுங்கள். அதில் கட்டாயம் பாட வேண்டிய 6 பாட்டுக்கு அடியில் கோடு போடுங்கள். இன்னொன்று: ஒவ்வொரு பாட்டின் வரிகளையும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். மெட்டு இனிமையாக இருந்து, பொருள் பிரிவையும் சாவையும் பற்றியதாக இருக்கும் சினிமாப் பாட்டு ஏராளம். பாடகர் உருகிப் பாடும்போதுதான் பாட்டிமார் முகம் சுருங்கும். கூடாத பாட்டுகளையும் தனியாக எழுதிக் கொடுப்பது நல்லது, சபையிலிருந்து சீட்டு வந்தாலும் குழு மறுத்துவிடும்.

படி 6: சத்தம்

கல்யாணக் கச்சேரிகளைப் பற்றி அடிக்கடி வரும் புகார் சத்தத்தைப் பற்றியது. அதைச் சரிசெய்யவும் முடியும். வழக்கமாக மேடையின் இரு பக்கமும் இரண்டு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி வைப்பார்கள். பின் வரிசைக்குக் கேட்கவில்லை என்று கூட்டுவார்கள், முதல் வரிசையில் உட்கார்ந்த தாத்தா காதைப் பொத்திக்கொள்வார். மண்டபத்தின் நடுவில் இரண்டு சிறிய பெட்டி கேளுங்கள், முன்பெட்டியைக் குறைக்கச் சொல்லுங்கள். நான்காவது வரிசையில் உட்கார்ந்த இருவர் குரலை உயர்த்தாமல் பேச முடிந்தால் அளவு சரி. சாப்பாட்டுக் கூடத்தில் பெட்டியே வேண்டாம். பரிமாறுகிறவர் என்ன வேண்டும் என்று கேட்பது சாப்பிடுகிறவருக்குக் காதில் விழ வேண்டும்.

ஒலிச் சோதனையை 5:00-க்கே முடித்துவிடுங்கள். காலி மண்டபத்தில் டைல்ஸ் தரையும் சுவரும் எதிரொலிக்கும், ஆட்கள் நிறைந்தபின் அந்த எதிரொலி அடங்கிவிடும். அதனால் 7:30-க்கு ஒரு தடவை பின் வரிசையில் நின்று கேட்டு மறுபடி சரிசெய்யச் சொல்ல வேண்டும். அறிவிப்பாளர் கையில் மைக்கோடு பெட்டிக்கு முன்னால் போனால் கூ என்று ஊளையிடும். பெட்டியிலிருந்து வரும் சத்தமே மறுபடி மைக்குக்குள் நுழைவதுதான் காரணம். அவர் நிற்கும் இடத்தைப் பெட்டிக்குப் பின்னால் குறித்துக் கொடுங்கள்.

மின்சாரமும் இதில் சேர்ந்ததே. மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் எடுக்கச் சில விநாடி ஆகும். அது எடுத்ததும் விளக்கு உடனே எரியும். ஆனால் டிஜிட்டல் மிக்சரும் (ஒலிகளைக் கலந்து அளவைச் சரிசெய்யும் கருவி) கீபோர்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், அதுவரை மண்டபமே அமைதியாகிவிடும். இவை இரண்டுக்கும் யுபிஎஸ் உண்டா என்று குழுவிடம் முன்பே கேளுங்கள். மேடை அலங்கார விளக்குகளை ஒலிக் கருவிகளோடு ஒரே இணைப்பில் போட்டால் பெட்டியில் உர்ர் என்ற இரைச்சல் வரலாம். தனி இணைப்பு கேளுங்கள்.

படி 7: ஒரு தாள், ஒரு ஆள்

மேலே சொன்ன நேரங்களை ஒரே தாளில் எழுதி 5 பிரதி எடுங்கள்: சமையல்காரர், புகைப்படக்காரர், கச்சேரிக் குழு, ஒப்பனை செய்பவர், மண்டப மேலாளர். கேள்வி எதுவானாலும் ஒரே ஆளிடம் கேட்கட்டும். மணமக்களின் பெற்றோர் வேண்டாம், அவர்கள் வாசலில் வரவேற்க வேண்டும். சித்தப்பா, தாய்மாமன், ஒன்றுவிட்ட அண்ணன் என்று நிதானமான ஒருவர் போதும். கச்சேரிக் குழுவின் இடைவேளை 8:20 என்றும், அவர்களுக்கு அப்போது பந்தியில் இடம் பிடித்து வைக்க வேண்டும் என்றும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். இதை மறந்துவிட்டால் 10 மணிக்கு அவர்களுக்கு மிஞ்சுவது ஆறிய சோறு. 9:20-க்கு அந்த ஆள் மேடையோரம் போய் இன்னும் இரண்டு பாட்டு என்று கைகாட்டட்டும்.