கீழடிப் பயணத்துக்கு வகுப்பே பணம் சேர்ப்பது எப்படி?

கல்விச் சுற்றுலாவுக்கான தொகை முழுவதையும் பெற்றோரிடம் வாங்கிவிடுவது ஆசிரியருக்கு எளிது. ஆயினும் அதில் ஒரு பகுதியை மாணவர்களே ஈட்டினால், பாடநூலில் படித்த இலாப நட்டக் கணக்கைத் தம் கையாலேயே போட்டுப் பார்ப்பார்கள். இதற்கு ஒரே நிபந்தனை, செலவும் அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதாகும். அம்மா செய்து கொடுத்த பலகாரத்தை விற்று வந்த பணம் முழுவதும் இலாபம் என்று நம்பும் பிள்ளைக்கு விற்கத் தெரிந்திருக்கலாம், வணிகம் தெரிந்ததாகாது.

மதுரையிலுள்ள பள்ளியொன்றின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 40 பேரும் ஆசிரியர்கள் 4 பேரும், 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குச் செல்வதாகக் கொள்வோம். முத்திரை குத்தப்பட்ட வெள்ளிக் காசு ஒன்று 2021 அகழாய்வில் கிடைத்த ஊர் அது என்பதால், பணத்தைப் பற்றிப் படிக்கும் வகுப்புக்குப் பொருத்தமான இடமும்கூட.

முதலில் மாணவர்களையே விலை விசாரிக்கச் செய்யுங்கள். பேருந்து வாடகை 12,000 ரூபாய், தலைக்கு 80 ரூபாய் வீதம் 44 பேருக்கு மதிய உணவு 3,520 ரூபாய், நுழைவுக் கட்டணமும் குடிநீரும் 880 ரூபாய், எதிர்பாராச் செலவுக்கு 1,600 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 18,000 ரூபாய் ஆகிறது. பெற்றோர் பங்கு தலைக்கு 300 ரூபாய் எனில் 12,000 ரூபாய் வந்துவிடும். மீதி 6,000 ரூபாயை வகுப்பு ஈட்ட வேண்டும். பெற்றோர் பங்கை மூடிய உறையில் வாங்குங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது வகுப்புக்குத் தெரியக் கூடாது.

இனிதான் முக்கியமான பாடம். பள்ளியில் சுண்டல் விற்கலாம் என்று பிள்ளைகள் சொன்னால், உடனே சம்மதிக்காமல் கரும்பலகையில் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு கிலோ கொண்டைக்கடலை, தேங்காய், எண்ணெய், எரிவாயு, காகிதக் கிண்ணம் எல்லாம் சேர்த்து 200 ரூபாய் ஆகி, அதில் 20 கிண்ணம் தேறினால், அடக்கவிலை கிண்ணத்துக்கு 10 ரூபாய். அதை 15 ரூபாய்க்கு விற்பதானால், 400 கிண்ணம் விற்றால் 6,000 ரூபாய் வந்துவிடும் என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். அப்போது நீங்கள் விடையைச் சொல்லிவிடாமல், கடலைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய 4,000 ரூபாய் எங்கே என்று மட்டும் கேளுங்கள். கிண்ணத்துக்கு இலாபம் 5 ரூபாய்தான், ஆகவே விற்க வேண்டியது 1,200 கிண்ணம் என்பதை அவர்களே கண்டுபிடிப்பதற்கு ஒரு பாடவேளை முழுவதும் போனாலும் அது வீண் அன்று.

அத்தனை சுண்டலை யாரும் வாங்கமாட்டார்கள் என்பது தெரிந்தவுடன் வேறு வழி தேடத் தொடங்குவார்கள். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து 10 கிலோ பழைய செய்தித்தாள் கொண்டுவந்தால் 400 கிலோ சேரும். பழைய பேப்பர் கடையில் கிலோ 12 ரூபாய்க்கு எடுத்தால் 4,800 ரூபாய், சுமை ஆட்டோவுக்கு 300 ரூபாய் போக 4,500 ரூபாய் நிற்கும். மீதி 1,500 ரூபாய்க்கு 300 கிண்ணம் சுண்டல் போதும். இவை எடுத்துக்காட்டுத் தொகைகளே. உங்கள் ஊர் விலையைப் பிள்ளைகள் விசாரித்து வரட்டும்.

சுண்டலை மூன்று நாள், நாளுக்கு 100 கிண்ணமாக விற்றால் கைமுதல் 1,000 ரூபாய் போதும். அதைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் கடனாக, எழுதிக் கையொப்பமிட்டு வாங்குங்கள். முதல் நாள் விற்ற பணம் இரண்டாம் நாளைய கடலைக்கு ஆகும், கடைசி நாளில் கடன் அடையும். கடன் வாங்கிய பணமும் சில்லறைக்காகக் கல்லாவில் போட்ட பணமும் வரவு ஆகா. அவற்றை நோட்டில் தனிப் பத்தியில் எழுதச் சொல்லுங்கள். கல்லாவை இருவர் சேர்ந்தே எண்ண வேண்டும். யுபிஐ வழியே பணம் வாங்குவதானால் கியூஆர் அட்டை பள்ளியின் கணக்குக்கோ கழகத்தின் கணக்குக்கோ உரியதாக இருக்கட்டும், எந்த ஆசிரியரின் சொந்த எண்ணும் வேண்டாம்.

தலைமையாசிரியரின் ஒப்புதலைத் தொடக்கத்திலேயே பெற்றுவிடுங்கள். பிள்ளைகளை வீடு வீடாகத் தனியே அனுப்பாதீர்கள். அதிகம் சேர்த்தவருக்குப் பரிசு என்றும் அறிவிக்காதீர்கள், ஏனெனில் அது வசதியுள்ள உறவினரைப் பெற்ற பிள்ளைக்குப் போகும் பரிசு. சேர்ந்த பணம் வகுப்புக்குப் பொதுவானது.

பணம் மிஞ்சினால் என்ன செய்வது, குறைந்தால் எந்தச் செலவைக் குறைப்பது என்பதை விற்பனை தொடங்கும் முன்பே வாக்கெடுத்து எழுதிவைத்துவிடுங்கள். பயணம் முடிந்த வாரத்திலேயே ரசீதுகளுடன் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, 1,600 ரூபாய் ஒதுக்கீட்டில் எவ்வளவு செலவானது என்பதையும் அதில் காட்ட வேண்டும்.