மின்செலவைக் குறைக்கும் வீட்டு வேலைகளுக்குப் பணம் திரட்டும் முறை: பினாங்கு வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மின்செலவைக் குறைக்கக் கடன் வாங்க நினைப்பவர் வங்கிக்குப் போவதற்கு முன்பே மின் நிறுவனமான தெனாகாவின் பில்லைக் கையில் எடுக்க வேண்டும். கடந்த ஆறு மாத பில்களை வரிசையாக வைத்துக்கொண்டு, மாதத்திற்கு எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள கட்டண முறைப்படி, மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், திறன் கட்டணம் 4.55 சென், கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென் எனச் சேர்த்து யூனிட்டுக்கு 44.43 சென் விழுகிறது. 1,000 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு அதில் ஊக்கக் கழிவு உண்டு. பயன்பாடு குறையக் குறைய அக்கழிவு கூடும். 600 யூனிட்டைத் தாண்டினால் 10 வெள்ளி (ரிங்கிட்) சில்லறை (ரீட்டெய்ல்) கட்டணமும், தாண்டிய பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும் சேர்கின்றன. ஆகவே 640 யூனிட்டில் நிற்கும் வீடு 50 யூனிட்டைக் குறைத்தால் கிடைக்கும் பலன், 1,100 யூனிட் ஓட்டும் வீடு அதே 50 யூனிட்டைக் குறைப்பதைவிட அதிகம். உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் எந்த விற்பனையாளரின் கணக்கையும் நம்ப வேண்டாம்.

கடன் தேவைப்படாத வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள்; காகிதம் தடையில்லாமல் வந்துவிட்டால், மாற்ற வேண்டியது கதவு ரப்பரே தவிரப் பெட்டி அன்று. பிறை, பட்டர்வொர்த் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் பகல் இரண்டு மணிக்கு மேல்கூரைத் தட்டியின் (சீலிங்) சிறு கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கும். அந்த வெப்பம்தான் இரவு வெகுநேரம் வரை படுக்கையறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஓட்டின் அடியில் வெப்பத்தடுப்புத் தாளோ தட்டியின் மேல் கனிமக் கம்பளியோ விரிக்காமல் புதிய ஏர்கோன் வாங்குவது, அந்த ஏர்கோனை முதல் நாளிலிருந்தே கூரையோடு மல்லுக்கட்ட விடுவதாகும். இந்த வேலைக்கு ஆகும் செலவைப் பெரும்பாலான குடும்பங்கள் போனஸ் பணத்திலேயே சமாளித்துவிடலாம்.

அடுத்தது பொருள் மாற்றம். எரிசக்தி ஆணையத்தின் லேபிளில் ஐந்து நட்சத்திரம் உள்ளதா என்பதோடு, அதே லேபிளில் அச்சிட்டிருக்கும் ஆண்டு மின்பயன்பாட்டையும் பாருங்கள்; ஒரே எண்ணிக்கையில் நட்சத்திரமுள்ள இரண்டு பொருள்களுக்கு இடையே வித்தியாசம் இருக்கும். அரசாங்கம் அவ்வப்போது அறிவிக்கும் ‘சேவ்’ கழிவுத் திட்டம் ஒதுக்கீடு தீரும்வரை மட்டுமே நடக்கும் என்பதால், நடப்பில் இருக்கிறதா என்று கடையில் உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள். 1,800 வெள்ளி ஏர்கோன் ஒன்று இரவுக்கு 3 யூனிட் மிச்சப்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 90 யூனிட், அதாவது ஏறத்தாழ 40 வெள்ளி மிச்சம். கடன் அட்டையின் வட்டியில்லாத் தவணையில் 24 மாதம் கட்டினால் மாதம் 75 வெள்ளி ஆகும். மீதி 35 வெள்ளி உங்கள் கையிலிருந்துதான் போகும். அதைத் தாங்க முடியுமென்றால் இது நல்ல வழி. ஆனால் மாதாந்திர அட்டைப் பாக்கியை முழுதாகக் கட்டத் தவறினால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி ஏறும். அப்போது நட்சத்திர லேபிளால் வந்த மிச்சம் முழுதும் அட்டைக்கே போய்விடும்.

அட்டை பழக்கமில்லாதவர்களுக்கு ஊழியர் சேம நிதியின் நெகிழ்வுக் கணக்கு இருக்கிறது. 2024 மே மாதம் முதல் புதிய சந்தாவில் 10 விழுக்காடு அதில் சேர்கிறது. எந்தக் காரணமும் சொல்லாமல் எடுக்கலாம். சேம நிதி 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. எடுக்கும் பணம் இழப்பது அந்த ஈவைத்தான். எனவே 18 விழுக்காட்டு அட்டைக் கடனைத் தவிர்க்க எடுப்பது நியாயம். கையில் ரொக்கம் இருக்கும்போது எடுப்பது வீண்.

தனிநபர் கடனில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 20,000 வெள்ளிக்கு ஐந்தாண்டு, ‘5 விழுக்காடுதான்’ என்பார்கள். அது நிலையான (‘ஃபிளாட்’) வட்டியாக இருந்தால், அசலில் பாதி திரும்பிவிட்ட பிறகும் முழு 20,000க்கே வட்டி கணக்கிடப்படும். மாதம் சுமார் 417 வெள்ளி, மொத்த வட்டி 5,000, உண்மையான வட்டி விகிதம் ஏறத்தாழ 9 விழுக்காடு. வீட்டுக் கடனைக் கூட்டி வாங்கினால் விகிதம் குறைவு. ஆனால் அதே 20,000ஐ 4 விழுக்காட்டில் 20 ஆண்டுக்குப் பரப்பினால் மாதம் 121 வெள்ளிதான் என்று மனம் குளிர்ந்தாலும், மொத்த வட்டி 9,000ஐத் தாண்டும். வழக்கறிஞர் கட்டணமும் கடன் தொகையில் 0.5 விழுக்காடு முத்திரை வரியும் தனி. என் கருத்தில், கடன் காலம் பொருளின் ஆயுளைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கூடுதல் தொகை கட்டி அசலைக் குறைக்க அனுமதிக்கும் வீட்டுக் கடன் உங்களிடம் இருந்தால், கூட்டி வாங்கி ஏழெட்டு ஆண்டில் முடித்துவிடுவதே மலிவான வழி.

சூரியத் தகடுகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2026இல் தொடங்கிய சோலார் அத்தாப் திட்டத்தில், வீடு அப்போதே பயன்படுத்தும் மின்சாரம் யூனிட்டுக்கு 44.43 சென் மிச்சப்படுத்துகிறது. மிஞ்சி வெளியே போவதற்கு எரிசக்திக் கட்டணமான 27.03 சென் மட்டுமே கணக்கில் சேரும், அதுவும் அடுத்த மாதத்துக்குச் செல்லாது. மாதம் 500 யூனிட் உற்பத்தியாகி பாதி வீட்டில் செலவானால், ஊக்கக் கழிவின் ஏற்ற இறக்கத்தை ஒதுக்கிவைத்து, மிச்சம் சுமார் 179 வெள்ளி. மேலே சொன்ன 417 வெள்ளித் தவணையை அது பாதிகூடக் கட்டாது. பகலில் தாத்தா பாட்டி இருக்கும் வீட்டுக்கும், எல்லாரும் வேலைக்குப் போய்விடும் வீட்டுக்கும் ஒரே அளவு தகட்டை விற்க வருபவரிடம், உற்பத்தியில் எவ்வளவு பகலில் வீட்டிலேயே செலவாகும் என்று கேளுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கூரை பொதுச் சொத்து என்பதால், நிர்வாகக் குழுவின் சம்மதமின்றி இது பேச்சுக்கே இடமில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், பொருத்துபவர் நிலைத்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமான செடாவில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தந்தாலும், தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டருக்குப் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. அதை மாற்றும் செலவையும் கடன் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பணம் கேட்டால், கூரையில் தகடு ஏறிய பிறகு ஒரு பகுதி, மின்மீட்டர் மாறிய பிறகு மீதி என்று எழுதி வாங்குங்கள்.

பணம் குறைகிறதென்று தெருவில் நடக்கும் கூட்டுச் சீட்டில் சேர வேண்டாம். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது, சீட்டுப் பிடிப்பவர் ஓடிவிட்டால் வசூலிக்க வழியில்லை. உரிமம் பெற்ற வட்டிக்கடைகூட அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் கேட்கக்கூடாது. ஏற்கெனவே தவணைகள் நெருக்கினால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தருகிறது. புதிய கடனுக்கு மனு போடுமுன் அங்கே உங்கள் வரவு செலவைக் காட்டிக் கேளுங்கள்.