விசுவாச ஒளியில் அன்றாடம் நடப்பது எப்படி

மின்சாரம் இல்லாமலும் மண்ணெண்ணெய் கிடைக்காமலும் 1990களில் யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு, ஜாம் போத்தலுக்குள் திரி எரியும் அந்தச் சின்ன ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கொப்பியின் ஒரு பக்கம் அதில் தெரியும், அறையின் மூலை தெரியாது. திருப்பாடல் 119 இன் 105ஆம் வசனமும் இறைவார்த்தையைக் காலடிக்கு விளக்கு என்றே அழைக்கிறது. வருங்காலம் முழுவதையும் காட்டும்படி மன்றாடிவிட்டு, ஒன்றும் தெரியவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்கள் முதலில் இந்த அளவை ஏற்றுக்கொள்வது நல்லது. கேட்க வேண்டியது அடுத்த அடிக்குரிய வெளிச்சம்.

காலையில் அன்றைய திருப்பலிக்குரிய நற்செய்தியை ஒருமுறை ஆறுதலாக வாசித்து, மனத்தில் தைக்கும் ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

உண்மையான வேலை இரவில்தான் இருக்கிறது. இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்னும் தம் நூலில் வகுத்துத் தந்த ஆன்ம சோதனை, அதாவது அன்றைய நாளை இறைவன்முன் திரும்பிப் பார்க்கும் செபம், பாவசங்கீர்த்தனத்துக்கு முன் குற்றங்களை எண்ணிப் பார்ப்பதோடு முடிவதன்று. அது நன்றியில் தொடங்குகிறது. படுக்கைக்குப் போகுமுன் அமைதியாக அமர்ந்து, அன்று கிடைத்தவற்றுக்குப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று பொதுவாகச் சொன்னால் மனம் நழுவிவிடும். காய்ச்சல் விட்ட பிள்ளை, கிணற்றில் ஊறிய நல்ல தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பிறகு, உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதபடி தூய ஆவியானவரிடம் ஒளி கேட்டு, விழித்தெழுந்ததிலிருந்து அந்த நாளை மணிக்கணக்காக நடந்து பாருங்கள்: சந்தையில் எவரிடம் எரிந்து விழுந்தேன், எந்தச் செய்தியைக் கேட்டபோது உள்ளுக்குள் பொறாமை எழுந்தது, எந்த இடத்தில் காலையில் எடுத்த வசனம் நினைவுக்கு வந்தும் அதைத் தள்ளிவிட்டேன் என்பவை அப்போதுதான் தெரியும். தவறியதற்கு மன்னிப்புக் கேட்டு, நாளை செய்யப்போகும் ஒரேயொரு காரியத்தைத் தீர்மானித்து முடியுங்கள். இரண்டாவது காரியத்தைச் சேர்த்தால் இரண்டும் நடக்காது என்பது என் அனுபவம்.

அந்த ஒரு காரியம் எப்படி இருக்க வேண்டும்? நம்மூரில் வேலிப் பிரச்சினை இல்லாத ஒழுங்கை குறைவு. பக்கத்துக் காணிக்காரர் வேலிக் கதியாலை ஓரடி தள்ளி நட்டுவிட்டார் என்று ஆண்டுக்கணக்காகப் பேசாதிருப்பவர், 'அவரை முழுமனத்தோடு மன்னிப்பேன்' என்று தீர்மானித்தால் மறுநாள் காலையிலேயே தோற்றுவிடுவார். 'நாளை அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பாமல் ஒரு சொல் பேசுவேன்' என்பது செய்யக்கூடியது. எல்லையை நில அளவையாளர் தீர்க்கட்டும். உரிமையை விட்டுக்கொடுப்பதும் மன்னிப்பதும் ஒன்றல்ல. செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியார் கோயிலுக்கு மெழுகுதிரியோடு போய்வருகிறவர்களும் (என்னையும் சேர்த்துத்தான்) இந்த ஒரு சொல்லில் தடுக்கி விழுவதுண்டு.

எதுவும் உணராமல் செபம் வறண்டுபோகும் காலங்களும் வரும். அப்போது நேரத்தைக் குறைக்காமல் சொற்களைக் குறையுங்கள். வீட்டாரோடு சேர்ந்து செபமாலையின் ஒரு பத்து மணியாவது சொல்லுங்கள். கத்தோலிக்க வழிபாட்டை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த நாட்களில், 1687இல் இலங்கைக்கு வந்த கோவாக் குருவான புனித ஜோசப் வாஸ் யாழ்ப்பாணத்தில் மறைவாகப் பணியாற்றியபோது, குருக்களின்றித் தனித்து விடப்பட்டிருந்த விசுவாசிகளின் வீடுகளையே தேடிப் போனார். சில்லாலை அவருக்கு அடைக்கலம் கொடுத்த ஊர். தனியே எரிய முடியாத திரி, வீட்டுச் செபத்தில் மற்றவரின் சுடரில் பற்றிக்கொள்ளும்.

ஞானஸ்நானத்தின்போது, உயிர்த்த கிறிஸ்துவைக் குறிக்கும் பாஸ்கா திரியிலிருந்து ஏற்றித் தரப்படும் மெழுகுதிரி பல வீடுகளில் அலுமாரிக்குள் கிடக்கிறது. இடப்பெயர்வுகளில் அதைத் தொலைத்தவர்களும் நிறையப் பேர். இருந்தால் எடுத்து வையுங்கள், இல்லையென்றால் வேறொரு திரி போதும். பங்குப் பணிமனையில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து உங்கள் திகதியைக் கேட்டறிந்து நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, ஆண்டுதோறும் அந்த மாலையில் திரியை ஏற்றி, அதன் வெளிச்சத்திலேயே அன்றைய ஆன்ம சோதனையைச் செய்யுங்கள்.