பழைய சென்சஸில் இங்கிலாந்துக் கிராமத்து முன்னோரைத் தேடுவது எப்படி?

இங்கிலாந்தில் சென்சஸ் ஏடுகள் நூறு வருஷம் கழித்துத்தான் வெளியே வரும். இப்போதைக்குக் கடைசியாகப் பார்க்கக் கிடைப்பது 1921. 1931-ஆம் வருஷத்து ஏடுகள் 1942-இல் தீயில் போய்விட்டன; 1941-இல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. ஆகவே 1921 அல்லது 1911-இல் ஆளைப் பிடித்து, பத்துப் பத்து வருஷமாகப் பின்னோக்கிப் போங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டினால் அதே பெயருள்ள வேறொருவர் குடும்பத்துக்குள் நுழைந்துவிடுவீர்கள். 1881 ஏட்டின் பெயர்ப் பட்டியலை ஃபேமிலிசர்ச் தளத்தில் காசில்லாமல் தேடலாம்.

கிராமத்து ஆட்களுக்கு உயிர்நாடி 1851. பிறந்த ஊர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதெல்லாம் அதில்தான் முதன்முதலாக வருகிறது. 1841-இல் உறவே இல்லை. பிறந்தது அதே கவுண்டியிலா (நம் மாவட்டம் மாதிரி) என்பதற்கு ஆம், இல்லை என்பதோடு சரி. பதினைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 1851-இல் 47 என்று இருப்பவர் 1841-இல் 35 என்று இருந்தால் குழம்ப வேண்டாம்: அப்போது அவருக்கு 37, அதை 35 ஆக்கியிருக்கிறார்கள். எல்லாக் கணக்கெடுப்பாளரும் இந்த விதியைப் பின்பற்றவுமில்லை.

தொழில் பத்தியில் 'ஆக் லேப்' என்று சுருக்கி இருந்தால் பண்ணைக் கூலி. 'சன் இன் லா' என்றால் மருமகன்தான் என்று முடிவுகட்டாதீர்கள், மனைவிக்கு முந்தைய கல்யாணத்தில் பிறந்த பிள்ளையாகவும் இருக்கலாம்.

தேடி ஆள் அகப்படாவிட்டால் பெரும்பாலும் எழுத்துதான் காரணம். எழுதத் தெரியாத வீடுகளில் கணக்கெடுப்பாளரே காதில் விழுந்தபடி படிவத்தை நிரப்பினார். ஹாக்கின்ஸ் 'ஆக்கின்ஸ்' ஆகிவிடும். பிறகு அதை ஏட்டில் படியெடுத்தார். நம் காலத்தில் இணையத்துக்காக இன்னொருவர் அதைப் படித்துத் தட்டச்சு செய்திருக்கிறார். மூன்று இடத்தில் பிழைக்கு வழி. குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதற்பெயர், பிறந்த வருஷம் (இரண்டு வருஷம் முன்பின்), பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட ஊர்ப்பகுதி) என்று தேடுங்கள்.

பிறந்த ஊரும் ஏட்டுக்கு ஏடு மாறும். ஒருமுறை குக்கிராமம், அடுத்த முறை பாரிஷ், வேறு கவுண்டிக்குக் குடிபோன பிறகு பக்கத்துச் சந்தை ஊர். சட்டன் என்ற பெயரில் பல கவுண்டிகளில் ஊர் உண்டு. கவுண்டியைப் பார்க்காமல் நம்பாதீர்கள். படியெடுத்ததோடு நிற்காமல் மூலப் பக்கத்தின் படத்தையே திறந்து, முன்பின் இரண்டு பக்கங்களையும் புரட்டுங்கள். கல்யாணமான மகள் அடுத்த வீட்டிலேயே இருப்பாள்.

பேரக் குழந்தை என்று எழுதியிருக்கும் பிள்ளையின் தாய் யாரென்று ஐயம் வந்தால், 1837 ஜூலையிலிருந்து தொடங்கும் பிறப்புப் பதிவு அட்டவணையைப் பாருங்கள். பொதுப் பதிவாளர் அலுவலகத் தளத்தில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் சேர்ந்தே இருக்கும். அந்த இடம் வெறும் கோடாக இருந்தால், தாய் கல்யாணமாகாதவளாக இருக்கக்கூடும்.