இலங்கையின் கல்வி ஏணி: முன்பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை ஒரே தாளில் வரைந்து பார்ப்போம்

பிள்ளை தரம் 5 இல் எத்தனை புள்ளி எடுத்தது என்பதைப் பெற்றோர் பலர் தயங்காமல் சொல்வார்கள். அதே பிள்ளை படிக்கும் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டா என்று கேட்டால் பலருக்கு விடை தெரியாது. பெற்றோர் சந்திப்புகளில் இதைத் திரும்பத் திரும்பக் கண்டபின், வகுப்புகளை வரிசையாகச் சொல்லிக் கொடுப்பதைவிட, எந்த இடத்தில் எந்த வாசல் இருக்கிறது என்று வரைந்து காட்டுவதே பயன் தரும் என்ற முடிவுக்கு வந்தேன். ஒரு வெள்ளைத் தாள், ஒரு நீலப் பேனை, ஒரு சிவப்புப் பேனை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோடுகளுக்கு நீலம், வாசல்களைக் குறிக்கச் சிவப்பு.

படி 1: வயதுக் கோட்டை வரையுங்கள்

தாளை அகலவாக்கில் வைத்து, இடமிருந்து வலமாக ஒரு நீலக் கோடு இழுத்து, இடது முனையில் 3 என்றும் வலது முனையில் 23 என்றும் எழுதுங்கள். இடையில் 5, 10, 14, 16, 19 ஆகிய வயதுகளைக் குறியுங்கள். 5 முதல் 10 வரை தரம் 1 தொடக்கம் 5 வரையான ஆரம்பப் பிரிவு. அடுத்த நான்கு ஆண்டுகள், அதாவது தரம் 6 முதல் 9 வரை, கனிஷ்ட இடைநிலை. தரம் 10, 11 சிரேஷ்ட இடைநிலை. தரம் 12, 13 உயர்தர வகுப்புகள். அதன் வலப்பக்கம் பல்கலைக்கழகத்துக்குரியது.

கோட்டின் 5 முதல் 16 வரையான பகுதியின் கீழே இன்னொரு கோடு இழுத்து ‘கட்டாயம்’ என்று எழுதுங்கள். கட்டாயக் கல்வி வயது 1998 இல் 5 முதல் 14 வரை என வரையறுக்கப்பட்டு, 2016 இல் 16 வரை உயர்த்தப்பட்டது. அரச பாடசாலை தொடங்கும் இடத்திலிருந்து வலது முனை வரை மூன்றாவது கோடு ஒன்றை இழுத்து ‘இலவசம்’ என்று எழுதுங்கள். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியே இந்த மூன்றாவது கோடு. ஓர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை கட்டணம் செலுத்தாமல் மருத்துவராகலாம் என்பது இந்த ஒரு கோட்டினால் சாத்தியமாயிற்று. ஆகவே அதைச் சற்றுத் தடிப்பாகவே வரையுங்கள்.

படி 2: முன்பள்ளி

3 முதல் 5 வயது வரையான முன்பள்ளிகள் அரச பாடசாலைச் சங்கிலிக்கு வெளியே இருக்கின்றன. சமய நிறுவனங்கள், கிராம அமைப்புகள், உள்ளூராட்சி மன்றங்கள், தனியார் எனப் பலரும் அவற்றை நடத்துகிறார்கள். பெரும்பாலானவற்றில் கட்டணம் உண்டு. அரச பாடசாலையில் தரம் 1 இல் சேர எழுத்துப் பரீட்சை எதுவும் இல்லையாதலால், மூன்று வயதுப் பிள்ளையை எழுதவைத்து வருத்த வேண்டியதில்லை. பேச, பாட, பிற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடப் பழகினால் போதும்.

படி 3: தரம் 1 இல் முதல் சிவப்புக் குறி

ஆண்டின் ஜனவரி 31 இல் 5 வயது பூர்த்தியான பிள்ளை அந்த ஆண்டில் தரம் 1 இல் சேரலாம். விண்ணப்பம் முந்திய ஆண்டிலேயே, கல்வி அமைச்சின் சுற்றறிக்கைப்படி கோரப்படும். இடங்களில் பெரும்பங்கு பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கே ஒதுக்கப்படுவதாலும், வசிப்பிடத்துக்கு வாக்காளர் இடாப்பே முதன்மையான சான்றாக இருப்பதாலும், வீடு மாறியவர்கள் இடாப்பில் தம் பெயரைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும். பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், ஏற்கெனவே அங்கு படிப்போரின் சகோதரருக்கும் தனித்தனிப் பங்குகள் உண்டு.

இந்தச் சிவப்புக் குறியின் அருகே பாடசாலையின் வகையையும் எழுதிக்கொள்ளுங்கள். அரச பாடசாலைகள் நான்கு வகைப்படும். 1ஏபி என்பது உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை. 1சி என்பது விஞ்ஞானம் இன்றி, கலை, வர்த்தகம் போன்ற உயர்தரப் பிரிவுகள் உள்ள பாடசாலை. வகை 2 தரம் 11 உடன் முடிந்துவிடும். வகை 3 இல் ஆரம்ப வகுப்புகளோ, கூடியது தரம் 8 வரையான வகுப்புகளோ மட்டுமே இருக்கும். தேசிய பாடசாலை, மாகாணப் பாடசாலை என்ற பிரிவு வேறு. நிர்வாகம் மத்திய அமைச்சிடமா மாகாண சபையிடமா என்பதை மட்டுமே அது சொல்கிறது. பாடசாலையின் பெயரையும் கட்டடத்தையும் பார்த்து வகையை ஊகிக்க முடியாது. அதிபரிடமோ வலயக் கல்வி அலுவலகத்திலோ நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி, தன் ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை என்பதைச் தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்த பிறகே அறிந்து, தொலைவிலுள்ள பாடசாலைக்கு அனுப்ப வீட்டார் தயங்கியதால் கலைப் பிரிவில் சேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். கலைப் பிரிவு தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெரிவு அவளுடையதாக இருந்திருக்க வேண்டும்.

படி 4: தரம் 5 இல் ஒரு சிறிய குறி

புலமைப்பரிசில் பரீட்சை இரண்டு பயன்களுக்காகவே நடத்தப்படுகிறது. வெட்டுப்புள்ளிக்கு, அதாவது தெரிவுக்கு வேண்டிய குறைந்தபட்சப் புள்ளிக்கு, மேல் பெற்ற பிள்ளை வசதிகள் கூடிய பாடசாலை ஒன்றில் தரம் 6 இல் சேர விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அரசின் உதவித்தொகை கிடைக்கலாம். இதில் குறைந்த புள்ளி பெற்றவரும் தரம் 6 க்குச் செல்வார். ஆகவே சிவப்புப் பேனையால் சிறிதாகவே குறியுங்கள். பத்து வயதுப் பிள்ளையை மாலை முழுதும் தனியார் வகுப்பில் இருத்துமளவுக்கு இந்தக் குறி பெரிதல்ல. ஆனால், படி 3 இல் உங்கள் பாடசாலை வகை 2 அல்லது 3 என்று எழுதியிருந்தால், பாடசாலை மாறுவதற்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு இது என்பதையும் மறக்காதீர்கள்.

படி 5: தரம் 10 உம் சாதாரண தரமும்

க.பொ.த. சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் அனைவருக்கும் பொது. மீதி மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்ய வேண்டும். ஒரு தொகுதியில் வணிகம், புவியியல், குடியுரிமைக் கல்வி போன்றன. இன்னொன்றில் சங்கீதம், நடனம், சித்திரம், இலக்கியம் போன்றன. மூன்றாவதில் தகவல் தொழினுட்பம், விவசாயம், சுகாதாரமும் உடற்கல்வியும் போன்றன இருக்கும். தெரிவு தரம் 10 இன் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது.

உயர்தரத்துக்குச் செல்ல, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் சாதாரண சித்தியைவிட உயர்ந்த திறமைச் சித்தியும் வேண்டும். ஆகவே, எவ்வளவு திறமையுள்ள மாணவராயினும் கணிதத்தில் சித்தியடையாவிட்டால் வாசல் திறக்காது. ஒன்பது பாடத்துக்கும் சமமாக நேரம் பிரிக்கும் மாணவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

படி 6: உயர்தரத்தில் கோடு கிளை பிரிகிறது

தரம் 12 இல் பௌதிக விஞ்ஞானம், உயிரியல் விஞ்ஞானம், வர்த்தகம், கலை, தொழினுட்பம் எனக் கிளைகளை வரையுங்கள். தொழினுட்பப் பிரிவு 2013 இல் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவிலும் மூன்று பிரதான பாடங்கள். பாடச் சேர்க்கையே பட்டப்படிப்பைத் தீர்மானிக்கிறது: உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தவர் விவசாய பீடத்துக்கு விண்ணப்பிக்கலாம், மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். ஆகவே முதலில் கோட்டின் வலது முனையில் விரும்பும் பட்டத்தை எழுதி, அங்கிருந்து இடப்பக்கமாக நடந்து வந்து பாடங்களைத் தெரிவுசெய்யுங்கள்.

படி 7: இசட் புள்ளியும் மாவட்டமும்

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று பாடங்களிலும் குறைந்தது சாதாரண சித்தியும், எல்லாப் பிரிவினரும் எழுதும் பொது வினாத்தாளில் 30 புள்ளிகளும் அடிப்படைத் தகுதி. அதன்மேல் போட்டியைத் தீர்மானிப்பது, 2001 முதல் பயன்பாட்டில் இருக்கும் இசட் புள்ளி. ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதைக் காட்டும் அளவால், வகுக்க வேண்டும். விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு: பௌதிகவியலில் 68 புள்ளி, சராசரி 52, நியம விலகல் 16 எனில் இசட் 1.0. இணைந்த கணிதத்தில் 55 புள்ளி, சராசரி 37, நியம விலகல் 15 எனில் 1.2. இரசாயனவியலில் 60 புள்ளி, சராசரி 48, நியம விலகல் 15 எனில் 0.8. மூன்றின் சராசரி 1.0. கடினமான பாடத்தில் பெற்ற 55, இலகுவான பாடத்தில் பெற்ற 68 ஐ எவ்வாறு முந்துகிறது என்பதைக் கவனியுங்கள்.

கலைப் பிரிவு போன்ற சில கற்கைநெறிகள் தவிர்ந்த பிறவற்றில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் அவற்றின் சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் முல்லைத்தீவு, மன்னார், நுவரெலியா, மொனராகலை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது தமிழ்மொழி மூலம் தோற்றியோர் மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குக் கூடுதல் புள்ளி பெற வேண்டியிருந்ததைப் பலர் இன்னும் வேதனையோடு நினைவுகூர்கிறார்கள். இன்றைய பங்கீட்டில் மொழி இல்லை, மாவட்டமே அளவு. தெரிவைச் செய்வது 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. அது வெளியிடும் கைந்நூலில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் வேண்டிய பாடங்கள் இருப்பதால், பரீட்சைக்குப் பின் அல்ல, தரம் 11 முடிந்தவுடனேயே அதை வாசியுங்கள்.

படி 8: கிளைப் பாதைகள்

ஒவ்வொரு சிவப்புக் குறியிலிருந்தும் நீல அம்பு ஒன்று வெளியே போக வேண்டும். சாதாரண தரத்தில் சித்தியடையாதவர், 2017 இல் தொடங்கிய 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவில், அது உள்ள பாடசாலையில் தரம் 12 க்குச் செல்லலாம். தொழினுட்பக் கல்லூரிகளில் தேசியத் தொழிற்தகைமை மட்டங்களில் படிப்படியாக ஏறலாம். மட்டம் 7 பட்டத்துக்குச் சமம். உயர்தரத்தில் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளியை எட்டாதவருக்குக் கோப்பாய், வவுனியா, மட்டக்களப்பு முதலிய இடங்களிலுள்ள தேசிய கல்வியியல் கல்லூரிகள், உயர் தொழினுட்ப நிறுவனங்கள், திறந்த பல்கலைக்கழகம் ஆகியன உண்டு. திறந்த பல்கலைக்கழகத்தில் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதால், ‘இலவசம்’ என்ற தடித்த கோட்டுக்கு வெளியே அந்த அம்பை வரைந்து, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்பதையும் அதன் அருகில் எழுதிவையுங்கள்.